மேற்படியில் முழு சார்ஜ்

அளவை வாரியத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் கண்ணில் படும்: ‘காட்டுவதே அளவு.’ கடைத் தராசு, தண்ணீர் மீட்டர், பெட்ரோல் பங்க் என்று ஊரில் எங்கெல்லாம் எதையாவது அளக்கிறார்களோ அங்கெல்லாம் போய்ச் சரிபார்த்து முத்திரை ஒட்டுவது வாரியத்தின் வேலை. முத்திரை ஒட்டிய கருவி எதைக் காட்டுகிறதோ அதுதான் அளவு. வாங்குகிறவர் கைக்கு வேறு மாதிரி தெரிந்தால் அவர் தன் கையைத்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாரியம் நாகரிகம் தெரிந்த நிறுவனம்.

அங்கே வாக்குமூலம் எழுதுகிறவராக ஒருவர் இருந்தார். எழுத்தர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ‘தராசு தப்பு, மீட்டர் தப்பு’ என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுவார். தலை நரைக்கும் வரை பேனாவால்தான் எழுதினார். குண்டு குண்டான அழகான கையெழுத்து. பிறகு ஒருநாள் வாரியம் நவீனமாகிவிட்டது. கையால் எழுதிய வாக்குமூலம் இனிச் செல்லாது, விசாரணை அறையில் புகார்தாரர் எதிரிலேயே லேப்டாப்பில் அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. லேப்டாப்பும் வந்தது. அதற்கு முன்னால் அது ஓர் அதிகாரியின் வீட்டில் அரசுப்பணி ஆற்றிக்கொண்டிருந்ததாம். விசைப்பலகையின் இடுக்கில் பிஸ்கட் தூள் இருந்தது.

விசாரணை அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் கண்ணாடிப் பெட்டியின் விளக்கைச் சொருகியிருந்தார்கள். பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் பித்தளை எடைக்கற்கள் மினுங்கும். ஊரிலுள்ள எல்லாத் தராசுக்கும் அவைதான் தாய். அதனால் அவற்றை யாரும் தொடக்கூடாது, எந்தத் தராசின்மீதும் வைக்கக்கூடாது, விளக்கையும் அணைக்கக்கூடாது. ஆகவே எழுத்தர் தன் இருக்கையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து, பேட்டரியை நம்பித்தான் விசாரணை அறையில் உட்கார வேண்டும்.

பேட்டரி நூறு என்று காட்டும். எப்போது பார்த்தாலும் நூறுதான். புகார்தாரர் ஊர் பேர் சொல்லி, குறையைச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிற நேரத்தில் திரை கறுத்துவிடும். வாரியத்தின் மென்பொருள், வாக்குமூலம் முழுதாக முடிந்தால்தான் சேமிக்கும். நடுவில் அணைந்தால் கடைசி வரியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஒரு மளிகைக்கடைமேல் வந்த புகாரில், ‘கடைக்காரர் பழகுவதற்கு நல்லவர்தான்’ என்ற வரி மட்டும் தப்பியது. வாரியம் அந்தக் கடைக்காரருக்குப் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது.

எழுத்தர் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்து வந்தார், தையல்காரப் பெண் வருகிற வரை.

அவள் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா?

“எம் பொண்ணுக்கு எடையே ஏற மாட்டேங்குது சார்,” என்றாள். “ரொம்ப நாளைக்கு முன்னால நான் தைச்ச சட்டை இது. இன்னமும் தொளதொளன்னு தொங்குது பாருங்க. கிளினிக்ல கொண்டுபோய்த் தராசுல வச்சா, ஒவ்வொரு தடவையும் நல்லா ஏறியிருக்குங்கிறாங்க. எடை குறைஞ்சாத்தான் பெரிய டாக்டர்கிட்ட அனுப்புவாங்களாம். அந்தத் தராசு தப்பு சார். யாராவது ஒருத்தர் வந்து பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.”

எழுத்தர் விறுவிறுவென்று அடித்தார். திரை கறுத்தது.

“நாளைக்கு ஒரு நடை வந்துடும்மா,” என்றார்.

மறுநாளும் வந்தாள். மறுநாளும் கறுத்தது. அவள் கோபித்திருந்தால்கூட எழுத்தருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “மிஷின்னா அப்படித்தான் சார், என் தையல் மிஷினும் நடுவுல நின்னுடும்,” என்று அவருக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அவமானமாகிவிட்டது. அன்றைக்கே பேட்டரியை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தார்.

அங்கேதான் அவருடைய அலுவலகத் தமிழ் காலை வாரிவிட்டது. காலமெல்லாம் ‘மேற்படி கடை’, ‘மேற்படி நபர்’ என்று எழுதிப் பழகிய கை, ஒரு பொருளின் பெயரை நேராக எழுதக் கூசியது. இப்படி எழுதினார்:

‘பொருள்: முழு சார்ஜ் – தவறாகக் காட்டிக்கொள்வது – மாற்றக் கோருதல். மேற்படியிடம் முழு சார்ஜ் இருப்பதாகக் காட்டினாலும் உள்ளே ஒன்றுமில்லை. சற்று நேரம் விழித்திருந்துவிட்டு மேற்படி தன்பாட்டுக்குத் தூங்கிவிடுகிறது. எழுப்பினால் மறுபடியும் முழு சார்ஜ் என்கிறது. சூடும் அதிகம். மேற்படிக்கு வயதாகிவிட்டதால் அகற்றிவிட்டுப் புதியது வழங்க வேண்டுகிறேன்.’

வாரியத்துக்கு அப்போது நிரந்தரத் தலைவர் கிடையாது. ஒருவர் முழுக் கூடுதல் பொறுப்பில் இருந்தார். அலுவலக வழக்கில் சொன்னால், முழு சார்ஜ். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் கூட்டங்களில் அவர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார் என்பது ஊரறிந்த ரகசியம். மனு நேராக அவர் மேசைக்குப் போய்விட்டது.

கூப்பிட்டனுப்பினார்.

“உள்ள ஒண்ணுமில்லையா?” என்றார் தலைவர், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி.

எழுத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இல்லைங்க சார். இருந்தா ஏன் நடுவுல தூங்கப்போகுது?”

“தூங்கப்போகுது! எழுத்துலயும் அஃறிணை, பேச்சுலயும் அஃறிணை. ‘தூங்கிவிடுகிறார்’னு எழுதக்கூட உங்களுக்கு மனசு வரல, இல்ல?”

“அதுக்கு எதுக்கு சார் மரியாதை? போன வாரம்கூட ரெண்டு தட்டு தட்டினதுக்கப்புறம்தான் முழிச்சுது.”

தலைவரின் முகம் கறுத்தது, லேப்டாப்பின் திரையைப் போலவே. “சார்ஜ் மாத்தணும்னு ரொம்ப ஆசைப்படறீங்க. சார்ஜ் மெமோ ஒண்ணு தரட்டுமா?”

அப்போதுதான் எழுத்தருக்கு உறைத்தது. “ஐயோ சார், மேற்படின்னு சொன்னது லேப்டாப்பை சார்! லேப்டாப் பேட்டரியை!” என்று அலறினார்.

தலைவர் மனுவை மறுபடியும் நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க, லேப்டாப்புக்கும் தனக்கும் இத்தனை பொருத்தம் எப்படி வந்தது என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது. ஆனால் அதைக் கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். “சரி, கணினிப் பிரிவுக்குப் போங்க,” என்றார். “உங்களை நான் மறக்க மாட்டேன்.”

மறக்க மாட்டேன் என்றதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எழுத்தர் லேப்டாப்போடு புறப்பட்டார்.

கணினிப் பிரிவு அதிகாரி லேப்டாப்பைத் திறந்து மூலையைப் பார்த்தார். “நூறு காட்டுதே. என்ன குறை?”

“காட்டுது சார். ஆனா கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடுது.”

“அணைஞ்சப்புறம் எவ்வளவு காட்டுது?”

“அணைஞ்சப்புறம் எப்படி சார் காட்டும்?”

“ஆக, காட்டும்போதெல்லாம் நூறு. காட்டாதபோது ஒண்ணுமே காட்டல. தப்பா எங்க காட்டிச்சு?”

எழுத்தர் தலையைச் சொறிந்தார். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

அதிகாரி இரக்கப்பட்டு ஒரு வைத்தியமும் சொன்னார். “பழைய பேட்டரிக்குத் தன் அளவு மறந்துபோகும். ஒருதடவை முழுசாத் தீர்ந்துபோக விட்டு, மறுபடியும் முழுசா ஏத்தினா ஞாபகம் வந்துடும். வராட்டி மாத்திட வேண்டியதுதான்.”

“அப்ப அதைச் செஞ்சிடலாமே சார்!”

“செய்யலாம். முழுசாத் தீர்ந்துடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பூஜ்யம்னு அதுவே காட்டணும். காட்டுவதே அளவு. உங்களது பூஜ்யத்துக்கு வராம நூறுலயே அணையுது. பூஜ்யம் காட்டினா கொண்டுவாங்க, உடனே செஞ்சிடலாம்.”

விஷயம் நிபுணர் குழுவுக்குப் போனது. ஆறு பேர். தராசு நிபுணர், மீட்டர் நிபுணர், வெப்பமானி நிபுணர், இன்னும் யார் யாரோ. வட்டமாக உட்கார்ந்து லேப்டாப்பை நடுவில் வைத்தார்கள். வெப்பமானி நிபுணர் அதன் அடியில் கை வைத்துப் பார்த்து, “உயிர் இருக்கு,” என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. எழுத்தருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கருவி அவர் பக்கம் சாட்சி சொல்லியிருந்தது.

குழு கூடிப் பேசி முடிவைச் சொன்னது. லேப்டாப் முழு சார்ஜோடு அணைந்தது. ஆகவே சார்ஜில் குறையில்லை. அணைந்ததுதான் தவறு. அது பயன்படுத்துகிறவரின் பழக்கத்தால் வருவது.

தலைவர் எழுந்து பேசினார். “நாம யாரு? அளவுக்கே அளவு சொல்றவங்க. நம்ம கருவியே தப்பாக் காட்டுதுன்னு வெளியில போனா, நாம முத்திரை ஒட்டின தராசையெல்லாம் யாரு நம்புவா? ஜனங்களுக்குச் சரியான அளவு கிடைக்குதாங்கிறது அப்புறம். கிடைக்குதுன்னு நிம்மதி இருக்கணும். அந்த நிம்மதியைத்தான் நாம முத்திரையா ஒட்டிக்கிட்டிருக்கோம்.”

ஆறு பேரும் கை தட்டினார்கள். எழுத்தரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

பிறகு லேப்டாப்பின் முதுகில் ஒரு முத்திரையை ஒட்டினார்கள்: ‘சரிபார்க்கப்பட்டது.’ சரியாகக் காட்டுகிறது என்று எழுத்தரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தலைவர், “போடலாம், போடாமலும் இருக்கலாம். உங்க இஷ்டம்,” என்று சிரித்தார். எழுத்தர் போட்டுவிட்டார். குண்டு குண்டான அழகான கையெழுத்து.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி விசாரித்தாள். நடந்ததைச் சொன்னார்.

“பேட்டரி பழசாயிடுச்சு, அவ்வளவுதானே? இதுக்கா ஆறு பேரு?”

“உனக்குப் புரியாது.”

“புரியாதுதான். அந்தக் குழந்தை என்னங்க ஆச்சு?”

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

“அந்தப் பொண்ணு சொன்னதை எழுதிவைக்க உங்ககிட்ட ஒரு பேனாகூடவா இல்ல?” என்றாள் அவள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் அது அவரைத் தூங்கவிடவில்லை.

தையல்காரப் பெண் மூன்றாம்முறையாக வந்தாள். குழந்தை முன்னைவிட வாடியிருந்தது. எழுத்தர் அவளை மூச்சுவிடக்கூட விடவில்லை. “வேகமா சொல்லும்மா, வேகமா,” என்று விரட்டி விரட்டி அடித்தார். அவள் பாதியில் ஒரு புது விஷயம் சொன்னாள்.

“மனசு கேக்காம எங்க தெருப் பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட போனேன் சார். அவரு துணியை விரிச்சு, குழந்தையைத் தராசுல படுக்கவச்சு நிறுத்துப் பார்த்தாரு. கிளினிக்ல சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு. பைசாகூட வாங்கல.”

‘பழைய பேப்பர் கடைத் தராசில் எடை வேறாகக் காட்டியது’ என்று எழுத்தர் அடித்து முடித்தார். திரை கறுத்தது.

இருக்கைக்கு ஓடிப்போய் உயிர்ப்பித்துப் பார்த்தார். நூறு. அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. கிளினிக் இல்லை, குழந்தை இல்லை, தொளதொளச் சட்டை இல்லை. பழைய பேப்பர் கடையும் அதன் தராசும் மட்டும் நட்டநடுவில் நின்றன.

மற்றதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உட்கார்ந்து அடித்துச் சேர்த்திருக்கலாம். ஆனால் எப்படி அழிந்தது என்று கேட்பார்கள். பேட்டரி அணைந்தது என்று சொல்ல வேண்டும். பேட்டரி சரி என்று கையெழுத்துப் போட்டது யார்? ‘உங்களை நான் மறக்க மாட்டேன்’ என்ற குரல் காதில் ஒலித்தது. அந்த ஒற்றை வரியை அப்படியே மேலே அனுப்பிவிட்டார்.

வாரியம் இவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. மறுநாளே ஜீப் போய் இறங்கியது. பேப்பர் கடைத் தராசில் முத்திரை இல்லை. பறிமுதல். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவைத்து, மாலை நேரத்தில் ஒரு சின்னக் கூட்டமும் போட்டார்கள். யாரோ ஒருவர், சோதித்துப் பார்த்ததில் அந்தத் தராசு சரியாகத்தான் காட்டுகிறது என்று தலைவரின் காதில் கிசுகிசுத்தார். தலைவர் அசரவில்லை.

“இந்தத் தராசு தப்பு பண்ணிச்சுன்னு நான் சொல்லல,” என்று ஆரம்பித்தார். “சரியாத்தான் காட்டியிருக்கு. ஆனா யாரைக் கேட்டுக் காட்டிச்சு? தப்பான தராசை நாம திருத்திடலாம். நம்மைக் கேக்காமலே சரியா இருக்கே ஒரு தராசு, அதுதான் ஆபத்து. இன்னிக்கு இதை விட்டா, நாளைக்கு ஆளாளுக்குச் சரியா இருக்க ஆரம்பிச்சுடுவாங்க.”

புகாரைப் பதிவு செய்தவர் என்று எழுத்தரை முன்னால் அழைத்து, தராசுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தராசுத் தட்டில் ஒரு சின்னப் பழைய துணி இன்னும் விரித்தபடியே கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. படம் எடுத்தவர், “கொஞ்சம் தலையைத் தூக்குங்க சார்,” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துவிட்டார்.

அடுத்தமுறை தையல்காரப் பெண் வந்தபோது அந்தத் தராசைத்தான் முதலில் பார்த்தாள்.

“இது எங்க பேப்பர் கடைக்காரரோடதாச்சே. இங்க எதுக்கு சார் கொண்டாந்திருக்காங்க? கிளினிக் தராசைச் சோதிக்கறதுக்கா?”

எழுத்தர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். “ஆமாம்மா,” என்று மென்று விழுங்கினார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நல்லவேளை. பாவம், என்னாச்சோ தெரியல, கடையைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. இதைக் கேட்டா சந்தோஷப்படுவாரு.” பையில் கிளினிக் சீட்டைத் தேடுவதற்காக, “கொஞ்சம் பிடிங்க சார்,” என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

எழுத்தர் கைகளைப் பாரத்துக்குத் தயாராக்கிக்கொண்டு வாங்கினார். பாரமே வரவில்லை. கை மேலே போய்விட்டது. சட்டைதான் கையில் இருந்தது, சட்டைக்குள்ளே எங்கேயோ குழந்தை இருந்தது. எந்தத் தராசும் வேண்டியிருக்கவில்லை. குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தன்னை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். நூறு. அவள் சொல்லச் சொல்ல அடித்தார். பாதியில் வழக்கம்போலத் திரை கறுத்தது.

ஆனால் இந்தமுறை அவர் விரல்களை நிறுத்தவில்லை. செத்துப்போன விசைப்பலகைமேல் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தார். திரை அவர் பக்கம் இருந்தது. அவள் பக்கம் லேப்டாப்பின் முதுகும், அதில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையும்தான் இருந்தன.

“எல்லாத்தையும் எழுதிட்டீங்களா சார்?”

“எழுதிட்டேன்மா.”

“இந்தத் தடவை எதுவும் அழியலையே?”

“இல்லம்மா.”

“ஒருதடவை படிச்சுக் காட்டறீங்களா? எதையாவது விட்டுட்டேனான்னு பார்த்துக்கறேன்.”

எழுத்தர் கறுப்புத் திரையைப் பார்த்துப் படித்தார். குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பதை, சட்டை தொளதொளவென்று தொங்குவதை, கிளினிக் தராசு ஏறிக்கொண்டே போவதை, பெரிய டாக்டரிடம் அனுப்ப மறுத்ததை, பேப்பர் கடைக்காரர் துணி விரித்ததை, அவருக்குக் கண் கலங்கியதை, பைசா வாங்காததை எல்லாம் தடுமாறாமல் படித்தார்.

அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். “ஒரு சொல்கூட விடல சார். நான் சொன்னதைவிட நல்லா எழுதியிருக்கீங்க. உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கேன்.” குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பேப்பர் கடைத் தராசை ஒருமுறை அன்போடு தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

எழுத்தர் எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையில் பேனா இருந்தது. அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றுவிட்டது.

சாப்பாடு முடிந்து அந்தப் பக்கமாக வந்த தலைவர் கதவருகே நின்றார். தூக்கம் கண்ணில் சொக்கியது.

“என்ன எழுத்தரே, சார்ஜ் எவ்வளவு காட்டுது?”

எழுத்தர் கறுப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நூறு சார்,” என்றார்.